செலவுக் குறைப்பின் சுமை யார் தோளில்? கேரள நல ஓய்வூதிய நிலுவையும் எல்லையோரத் தமிழர்களும்

பாலக்காடு / தேவிகுளம்: கேரளத்தில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் கடைசி நிலுவைத் தவணை 2025 நவம்பரில் வழங்கப்பட்டது. நிலுவை 1,600 ரூபாய், உயர்த்தப்பட்ட புதிய மாதத் தொகை 2,000 ரூபாய் என ஒவ்வொரு பயனாளிக்கும் 3,600 ரூபாய் கிடைத்தது. நிலுவைக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனால் அரசுக்குப் பணம் போதாத காலத்தில் யாருடைய பணத்தை முதலில் நிறுத்துவது நியாயம் என்ற கேள்வி முடிந்துவிடவில்லை.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்கள், விவசாயக் கூலிகள், சிறு நெல் விவசாயிகள் ஆகியோர் இவர்களில் அதிகம். கடந்த சில ஆண்டுகளின் செலவுக் குறைப்பு இவர்களை எவ்வாறு எட்டியது, அதற்கு மத்திய, மாநில அரசுகள் தரும் விளக்கங்கள் யாவை என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

யாருக்கு, எவ்வளவு?

கேரளத்தில் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம் 1980இல் மாதம் 45 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. இன்று முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள், விவசாயத் தொழிலாளர், 50 வயது கடந்த திருமணமாகாத பெண்கள் என ஐந்து பிரிவினருக்கு ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. மக்கள் இதனைப் பொதுவாக ‘க்ஷேம பென்ஷன்’ என்பர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தொழிலாளர் நலநிதி வாரியங்களின் ஓய்வூதியர்களையும் சேர்த்தால் பயனாளிகள் ஏறத்தாழ 62 லட்சம் பேர்.

2016இல் 600 ரூபாயாக இருந்த தொகை படிப்படியாக உயர்ந்து 2021இல் 1,600 ரூபாயானது. பிறகு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அது உயரவில்லை. 2025இல் பல மாதங்களில் சில்லறைப் பணவீக்கத்தில் நாட்டிலேயே கேரளம்தான் முதலிடத்தில் இருந்தது. எனவே தாளில் தொகை குறையாவிட்டாலும், அத்தொகை வாங்கித் தரும் அரிசியும் மருந்தும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பாக, 2025 அக்டோபர் 29 அன்றுதான் 2,000 ரூபாய் என்ற உயர்வு அறிவிக்கப்பட்டது.

மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995இல் தொடங்கப்பட்டது. இதன்கீழ் 60 முதல் 79 வயது வரையிலான முதியோருக்கு மாதம் 200 ரூபாய், 80 வயது கடந்தோருக்கு 500 ரூபாய், விதவையருக்கு 300 ரூபாய் மத்தியப் பங்காகக் கிடைக்கிறது. முதியோருக்கான 200 ரூபாயும் விதவையருக்கான 300 ரூபாயும் பத்தாண்டுகளுக்கும் மேலாக உயர்த்தப்படவில்லை. கேரளப் பயனாளிகளில் சுமார் 8.5 லட்சம் பேருக்கு மட்டுமே இந்த மத்தியப் பங்கு உண்டு. எஞ்சிய சுமை முழுவதும் மாநிலத்தினுடையது.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கேரளத்தின் தொகை இதைவிடப் பெரியது. ஆனால் அது மாதந்தோறும் கைக்கு வராதபோது, பெரிய தொகை என்பதால் மட்டும் பயனில்லை என்பதை எல்லையின் இருபுறமும் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் நேரில் கண்டன.

நிலுவை எவ்வாறு ஏற்பட்டது?

ஓய்வூதியத்தை மாதந்தோறும் தடையின்றி வழங்குவதற்காகக் கேரள சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய நிறுவனம் 2018இல் உருவாக்கப்பட்டது. இந்நிறுவனம் கடன் பெற்று ஓய்வூதியத்தை வழங்கும். அரசு பின்னர் அதனை ஈடுசெய்யும். சாலை, பாலம், மருத்துவமனைக் கட்டடங்களுக்காகக் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான ‘கிஃப்பி’யும் இதுபோலவே வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே கடன் வாங்கியது.

2022ஆம் ஆண்டில் மத்திய நிதியமைச்சகம் இத்தகைய கடன்களையும் மாநிலத்தின் கடன் வரம்பிலேயே சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று சரக்கு மற்றும் சேவை வரி இழப்பீடு நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. 15ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்த வருவாய்ப் பற்றாக்குறை மானியமும் சரிந்தது. 2021-22இல் 19,891 கோடி ரூபாயாக இருந்த அம்மானியம், 2022-23இல் 13,174 கோடியாகவும், 2023-24இல் 4,749 கோடியாகவும் குறைந்து, அதன்பின் நின்றது.

இம்மூன்றும் ஒரே நேரத்தில் நேர்ந்ததன் விளைவாக அரசுக் கருவூலத்தில் நெருக்கடி ஏற்பட்டது. ஒத்திவைக்கக்கூடிய செலவுகளை அரசு ஒத்திவைத்தது. நல ஓய்வூதியம் அவற்றில் ஒன்றானது. 2024 ஜூலையில் முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டப்பேரவையில் அளித்த அறிக்கையில், ஐந்து மாத ஓய்வூதியம் நிலுவையில் இருப்பதாகவும், இரண்டு தவணைகள் 2024-25இலும் மூன்று தவணைகள் 2025-26இலும் தீர்க்கப்படும் என்றும் தெரிவித்தார். ஒரு பயனாளியின் கணக்கில் இது 8,000 ரூபாய்.

இரு அரசுகளின் வாதங்கள்

அரசியல் சாசனத்தின் 293(3) பிரிவின்படி, மத்திய அரசுக்குக் கடன்பட்டுள்ள மாநிலம் புதிதாகக் கடன் பெற மத்திய அரசின் ஒப்புதல் தேவை. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்பது பொதுவான வரம்பு. ஒரு மாநிலம் துணை நிறுவனங்களின் பெயரில் கடன் வாங்கி, அதனை வரவு செலவுத் திட்டத்திலிருந்து திருப்பிச் செலுத்தினால், அது மாநிலத்தின் கடனே என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் இக்கடன்களைக் குறித்து ஆட்சேபம் தெரிவித்திருந்தார். கேரளம் ஏற்கெனவே கடும் கடன் சுமையில் உள்ள மாநிலம். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றுக்கே வருவாயின் பெரும்பகுதி செல்கிறது. இன்றைய செலவுக்காக நாளைய தலைமுறையின் மீது கடன் ஏற்றுவதும் அநியாயமே என்று மத்திய அரசு வாதிடுகிறது. மானியம் ஆண்டுதோறும் குறையும் என்பது நிதி ஆணைய அறிக்கையிலேயே இருந்தது என்பதும் அதன் பதில்.

கேரளத்தின் வாதம் வேறு. மத்திய வரிகளின் பகிர்வுத் தொகுப்பில் 10ஆவது நிதி ஆணையத்தின் காலத்தில் மாநிலத்துக்கு 3.875 சதவீதம் கிடைத்தது. 15ஆவது நிதி ஆணையத்தின் காலத்தில் அது 1.925 சதவீதமாகச் சுருங்கியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தி, கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னேறியதற்குத் தண்டனையாகப் பங்கு குறைக்கப்படுவதாகக் கேரளம் கூறுகிறது. மானியச் சரிவு, இழப்பீட்டு நிறுத்தம், கடன் வரம்புக் குறைப்பு ஆகியவற்றால் 2023-24ஆம் ஆண்டில் மட்டும் மாநிலத்துக்கு 57,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று நிதியமைச்சர் கே.என். பாலகோபால் குற்றஞ்சாட்டினார்.

2023 டிசம்பரில் கேரள அரசு 131ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடைபெற்ற காலத்தில் 13,608 கோடி ரூபாய் கடன் பெற மத்திய அரசு ஒப்புக்கொண்டது. நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, 2024 ஏப்ரல் 1 அன்று மேற்கொண்டு இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்து, 293ஆவது பிரிவின் பொருள் குறித்த கேள்விகளை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

இரு தரப்பு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் அவை இரண்டும் இரு அரசுகளுக்கு இடையிலான நியாயம் பற்றியவை. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் தனித்து வாழும் ஒரு விதவைக்கும் அரசுக்கும் இடையிலான நியாயம் பற்றி அவை பேசவில்லை.

நெல் விலையில் நடந்த அறிவிக்கப்படாத குறைப்பு

செலவுக் குறைப்பு எப்போதும் குறைப்பு என்ற பெயரில் வருவதில்லை. பாலக்காட்டு நெல் விவசாயிகளின் கணக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

கேரளத்தில் மாநில அரசு நிறுவனமான ‘சப்ளைகோ’ நெல் கொள்முதல் செய்கிறது. விவசாயிக்குக் கிடைக்கும் விலையில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. மற்றொன்று மாநில அரசின் ஊக்கத்தொகை. 2021-22இல் ஒரு கிலோவுக்கு ஆதரவு விலை 19.40 ரூபாயும் ஊக்கத்தொகை 8.60 ரூபாயும் சேர்ந்து 28 ரூபாய் கிடைத்தது. 2024-25இல் ஆதரவு விலை 23 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் விவசாயிக்குக் கிடைத்தது 28.20 ரூபாய் மட்டுமே. ஏனெனில் மாநில ஊக்கத்தொகை 5.20 ரூபாயாகக் குறைந்துவிட்டது.

மத்திய அரசு மூன்று ஆண்டுகளில் 3.60 ரூபாய் உயர்த்தியது. விவசாயியின் கைக்கு வந்தது 20 காசு. எஞ்சிய 3.40 ரூபாய் மாநில அரசின் சேமிப்பாயிற்று. ஐந்து டன் நெல் அளக்கும் ஒரு சிறு விவசாயிக்கு இது ஒரு போகத்துக்கு 17,000 ரூபாய். உரம், உழவு, அறுவடை எந்திர வாடகை உயர்ந்த அதே காலத்தில், கொள்முதல் விலை குறைக்கப்படவில்லை என்று அரசால் சொல்ல முடிந்தது. பிற மாநிலங்களைவிடக் கேரளம் கூடுதல் விலையே தருகிறது என்பதும், மத்திய அரசிடமிருந்து கொள்முதல் தொகை நிலுவையில் உள்ளது என்பதும் மாநில அரசின் விளக்கம். 2025 அக்டோபரில் விலை 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பணம் கிடைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. நெல்லை அளந்ததும் விவசாயிக்கு ஒரு ரசீது வழங்கப்படும். அந்த ரசீதின் பேரில் வங்கி அவருக்குக் கடனாகவே தொகையைத் தரும்; சப்ளைகோ பின்னர் வங்கிக்குச் செலுத்தும். அரசின் தாமதம் இவ்வாறு விவசாயியின் பெயரில் ஒரு கடன் கணக்காக மாறுகிறது.

மளிகைப் பொருள்களிலும் இதே நிலைதான். ‘மாவேலி’ கடைகளில் மானிய விலையில் விற்கப்பட்ட 13 வகை அத்தியாவசியப் பொருள்களின் விலை 2016 முதல் மாறாமல் இருந்தது. 2024 பிப்ரவரியில் மானியம் சந்தை விலையில் 35 சதவீதம் என வரையறுக்கப்பட்டு, விலைகள் உயர்த்தப்பட்டன. ஓய்வூதியம் வராத அதே மாதங்களில் பருப்பும் மிளகாயும் விலை ஏறின.

அடிமாலியில் எழுந்த குரல்

2023 நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரு மூதாட்டிகள் கழுத்தில் அட்டையை மாட்டி, கையில் சட்டியுடன் தெருவில் பிச்சை கேட்டனர். விதவை ஓய்வூதியம் மாதக்கணக்கில் வரவில்லை, மருந்து வாங்கப் பணமில்லை என்பது அவர்களின் முறையீடு. அவர்களில் ஒருவருக்கு நிலமும் வீடுகளும் இருப்பதாக ஒரு நாளேடு செய்தி வெளியிட்டது. தமக்கு நிலமில்லை என்று கிராம அலுவலரிடம் சான்று பெற்று அவர் காட்டினார். நாளேடு பின்னர் வருத்தம் தெரிவித்தது.

அவர் தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகள் இரண்டிடமும் விளக்கம் கேட்டது. ஓய்வூதியம் தொடர்பான மற்றொரு வழக்கில், நல ஓய்வூதியம் சட்டப்படியான உரிமை அன்று, அரசு வழங்கும் உதவி மட்டுமே என்று மாநில அரசு தெரிவித்தது. சட்டநோக்கில் அது ஏற்கத்தக்க வாதமாக இருக்கலாம். ஆனால் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது எது என்பதை அவ்வாதமே விளக்கிவிடுகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்வு 2024 மார்ச்சில் நடந்தது. அரசு ஊழியர்களின் சம்பளம் மாதத் தொடக்கத்தில் சில நாள்கள் தாமதமானது. கருவூலக் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. அது மாநிலம் முழுவதும் தலைப்புச் செய்தியாயிற்று, சங்கங்கள் போராடின, நாள்களுக்குள் நிலைமை சீரடைந்தது. அகவிலைப்படி நிலுவையால் ஊழியர்களும் இழந்தனர் என்பது உண்மையே. எனினும் ஒரு தரப்புக்கு நாள்களில் தீர்ந்த சிக்கல், மற்றொரு தரப்புக்குத் தீர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில் இருந்த வேறுபாடு தேவையில் அன்று, குரல் வலிமையில்தான்.

யார் செலுத்தினர்?

ஓய்வூதியத்துக்கு நிதி திரட்டவென்றே 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டது. எரிபொருள் மீதான தீர்வை செல்வரையும் ஏழையையும் வேறுபடுத்துவதில்லை. வாளையாறு, கோபாலபுரம், கம்பம்மெட்டு, குமுளி ஆகிய எல்லைகளை ஒட்டியோர் தமிழ்நாட்டுப் பக்கம் சென்று எரிபொருள் நிரப்பிக்கொள்ள முடியும். மலை உள்ளே தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்லும் தொழிலாளர்க்கு அந்த வழி இல்லை. எந்த ஓய்வூதியத்துக்காகத் தீர்வை விதிக்கப்பட்டதோ, அதே நிதியாண்டில்தான் அந்த ஓய்வூதியம் தேங்கியது.

மறுபுறம், நியாயமான சேமிப்புக்கு இடம் இருந்ததும் தெரியவந்தது. 2024 நவம்பரில் நிதித்துறை நடத்திய ஆய்வில் அரசு ஊழியர்கள் 1,458 பேர் நல ஓய்வூதியம் பெற்று வந்தது கண்டறியப்பட்டது. உயர் அலுவலர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் அவர்களில் இருந்தனர். பெற்ற தொகையை 18 சதவீத வட்டியுடன் திருப்பிச் செலுத்த உத்தரவிடப்பட்டது. தகுதியற்றோரை நீக்குவதும் செலவுக் குறைப்புதான். அதனை எவரும் அநியாயம் என்று சொல்லவில்லை.

பிரிட்டன் கற்ற பாடம்

செலவுக் குறைப்பின் நியாயம் பற்றிய விவாதம் பிரிட்டனில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2010 அக்டோபரில் அந்நாட்டு நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நான்கு ஆண்டுகளில் 8,100 கோடி பவுண்டு செலவுக் குறைப்பை அறிவித்தார். அனைவரும் சேர்ந்தே சுமப்போம் என்பது ஆளுங்கட்சியின் முழக்கமாக இருந்தது. ஆனால் 2011 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 17.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. 2016 முதல் நான்கு ஆண்டுகள் உழைக்கும் வயதினருக்கான பெரும்பாலான உதவித்தொகைகள் உயர்த்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. விலைவாசி ஏறும்போது தொகையை உயர்த்தாமல் விடுவதும் குறைப்புதான் என்பதை அந்த நான்கு ஆண்டுகள் உணர்த்தின. கேரளத்தில் 1,600 ரூபாய் அசையாமல் நின்ற கதையும் இதுவே.

2024 ஜூலையில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியை ஏழை முதியோருக்கு மட்டும் என்று சுருக்கினார். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அதன்மீது வாக்கெடுப்பு நடந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜூனில் அரசு பெருமளவு பின்வாங்கி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு 35,000 பவுண்டு வரை வருமானம் உள்ள முதியோருக்கு உதவியை மீட்டுத் தந்தது.

அந்த முடிவு சரியா, தவறா என்பது வேறு விவாதம். அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது வாக்குப் பதிவில் உள்ளது. அதனால் அதனை மாற்றவும் முடிந்தது. கேரளத்தில் ஓய்வூதியத்தை நிறுத்துவது என்று எவரும் சட்டப்பேரவையில் தீர்மானம் கொண்டுவரவில்லை. ஊக்கத்தொகையைக் குறைப்பது பற்றியும் தேர்தல் அறிக்கை எதுவும் பேசவில்லை. தாமதமாகவும் விலைக் கணக்காகவும் வரும் குறைப்புக்குப் பொறுப்பாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாது. தில்லியைக் கேட்டால் திருவனந்தபுரம் என்கிறது. திருவனந்தபுரத்தைக் கேட்டால் தில்லி என்கிறது.

தமிழில் கேட்கும் உரிமை

ஒரு குறைப்பு நியாயமாக இருக்க, பாதிக்கப்படுவோருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். தாம் அறிந்த மொழியிலும் தெரிய வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969இன்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசின் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் தம் தாய்மொழியிலேயே எழுதலாம். பதிலையும் அதே மொழியில் பெறலாம். ஓய்வூதிய நிலுவை, வருமானச் சான்று, ‘மஸ்டரிங்’ எனப்படும் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் கைரேகைப் பதிவு ஆகியவை குறித்த மனுக்களுக்கும் இவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். கைரேகைப் பதிவை அக்ஷயா மையங்களில் செய்துகொள்ள வேண்டும். படுக்கையில் உள்ளோருக்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு. உரிய காலத்தில் பதிவு செய்யாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

இனி என்ன?

நிலுவை தீர்க்கப்பட்டதும் தொகை உயர்த்தப்பட்டதும் எல்லையோர முதியோருக்கு உண்மையான நிம்மதி. ஆனால் அடிப்படை நிலை மாறவில்லை. நல ஓய்வூதியம் இன்றும் சட்டப்படியான உரிமை அன்று. மத்தியப் பங்கு இன்றும் 200 ரூபாயே. கடன் வரம்பு குறித்த சட்டக் கேள்விகளுக்கு அரசியல் சாசன அமர்வே விடை தர வேண்டும். அடுத்த நெருக்கடி வரும்போது, எந்தச் செலவைக் கடைசியாகவே தொடவேண்டும் என்பதை இரு அரசுகளும் இப்போதே எழுத்தில் வரையறுக்காவிட்டால், சங்கமும் வழக்கறிஞரும் இல்லாதவர்களின் மாதத் தொகையே மீண்டும் முதலில் நிற்கும்.